பதினோரு மணிக் கட்டம்

"…கைய வச்சேன் சார், மூணு எண்ணுறதுக்குள்ள எடுத்துட்டேன். அவ்ளோ சூடு. அத வாக்கி டாக்கில சொன்னேன். வேற யார்கிட்டயும் இல்ல, இவர்கிட்டதான் சொன்னேன்."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். இந்தப் பக்கம் அவர், நின்றபடி. 'இவர்' என்று அவர் கை காட்டியது என்னை.

நாலு வருஷத்துக்கு முன்னால், பங்குனி மாதம், காலை பத்து மணி. அரியலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஒரு சிமென்ட் ஆலை. ஆலைக்குள்ளேயே எங்களுக்கென்று தனியாக ஒரு மின் நிலையம் உண்டு. பெரிய ஆலைகள் தங்களுக்கு வேண்டிய கரண்டைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும் என்பது வெளியில் பல பேருக்குத் தெரியாது. நிலக்கரியை எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியில் டர்பைனைச் சுற்றவிட்டு, வருகிற கரண்டில்தான் சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிற எங்கள் உருளைச் சூளையே சுற்றும். "ஊர்ல கரண்டு போனா ஃபேன் நிக்கும், இங்க போனா பொழப்பு நிக்கும்" என்று நிலக்கரி யார்டில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் சொல்வார். எனக்கு இப்படி யாராவது ஒன்று சொல்லிவிட்டால் போதும், நாலு நாளைக்கு அதையே சொல்லிக்கொண்டு திரிவேன்.

நான் படித்தது பத்தாவது. கான்ட்ராக்டில் ஹெல்பராக உள்ளே போனவன். தெரிந்தவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்து, அவர்கள் பேசுவதைக் காதில் வாங்கி வாங்கியே வேலையைக் கற்றுக்கொண்டேன். அப்புறம் பரீட்சை எழுதித் தேறி, கம்பெனி ஆளாகி, கண்ட்ரோல் ரூமில் ஏசிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரும் அளவுக்கு வந்துவிட்டேன். வந்ததும் கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. அதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மேனேஜர் முன்னால் நின்றவர் எங்கள் ஃபீல்டு ஆபரேட்டர். என் வயதுதான் இருக்கும். கான்ட்ராக்ட் ஆள். அவர் குடும்பத்துக்கு இருந்த ரெண்டு ஏக்கர் பருத்திக் காடு சுண்ணாம்புக்கல் எடுக்கப் போய்விட்டது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று பேசி, அந்தக் கணக்கில் வந்த வேலை இது. மின் நிலையத்தின் மேல் தளத்திலிருந்து பார்த்தால் அவர் நிலம் இருந்த இடம் தெரியும். இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் தேங்கிய பெரிய குழிதான் இருக்கிறது. அதாவது இந்த வேலையும் போனால், அவருக்குத் திரும்பிப் போய் நிற்பதற்கு ஒரு வரப்புகூடக் கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அவ்வளவும் செய்தேன்.

எங்கள் வேலையில் லாக் ஷீட் என்று ஒரு பெரிய தாள் உண்டு. இடது ஓரத்தில் வரிசையாக மெஷின்களின் பெயர். மேலே மணி. மணிக்கு ஒரு கட்டம். ஃபீல்டு ஆபரேட்டர் ஒவ்வொரு பம்பாகப் போய்ப் பார்த்து, சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். மேலே உட்கார்ந்திருக்கும் நான் அதைக் கட்டத்தில் எழுத வேண்டும். முறை அதுதான்.

நான் செய்தது வேறு. காலை ஆறு மணிக்கு ஷிஃப்டு எடுத்தால், ஆறரைக்குள் மதியம் இரண்டு மணி வரைக்கும் உள்ள எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடுவேன். நேற்று சூடு 58 டிகிரி என்றால் இன்றும் 58 தானே, மெஷின் என்ன புதுசாகவா பிறந்து வந்தது என்பது என் நியாயம். அதையும் சும்மா எழுத மாட்டேன். 58, 59, 58, 57 என்று ஏற்றி இறக்கி எழுதுவேன். வெயில் ஏறும் நேரத்துக்கு ஒன்று கூட்டுவேன். ஒரே மையில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மாற்றி மாற்றி எழுத இரண்டு பேனா வைத்திருந்தேன். புதிதாக வந்த இரண்டு பேருக்கு இந்த வித்தையைச் சொல்லியும் கொடுத்தேன். "அண்ணன் எழுதிட்டார்னா மெஷினு அதுக்குத் தகுந்தாப்ல ஓடிக்கும்" என்று அவர்கள் சொன்னதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஃபீல்டு ஆபரேட்டருக்கும் இது தெரியும். ஒரு நாள் மேலே வந்தவர், காலை எட்டு மணிக்கே மதியம் வரை நிரம்பியிருந்த தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னண்ணே, நாளைக்கி மழ பேயுமான்னும் அப்புடியே எழுதிடுங்க. சனங்க வெதச்சுக்கும்." நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று, நான் எழுதி முடித்துவிட்டேன் என்று தெரிந்தும் அவர் ஒரு மணிகூட விடாமல் மணிக்கு மணி சுற்றி வந்து, ஒவ்வொரு எண்ணாக வாக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் பேனாவைத் தொடாமல் "ம்… ம்…" என்பேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் என் மச்சினிக்கு நிச்சயதார்த்தம். தா.பழூரில். மூத்த மாப்பிள்ளை நான்தான் முன்னால் நின்று நடத்த வேண்டும். இரண்டு மணிக்கு ஷிஃப்டு முடிந்த நிமிஷமே கிளம்பிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே கால் தரையில் நிற்கவில்லை.

எங்களிடம் ஒரு ஜோடி பம்பு உண்டு. டர்பைனுக்குப் போகும் எண்ணெயைக் குளிரவைக்கத் தண்ணீர் தள்ளுகிற பம்பு. ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும். அன்று மதியம் பன்னிரண்டரைக்கு, காத்திருக்கும் பம்பைப் பிரித்து வேலை பார்க்க மெக்கானிக்கல் ஆட்களுக்கு நானே அனுமதி கொடுத்தேன். அதாவது ஓடுகிற ஒன்றுதான் கதி.

ஒரு மணிக்கு வாக்கியில் அவர் குரல் வந்தது. "அண்ணே, நம்ம பம்பு பேரிங்கு எண்பத்தி நாலு காட்டுது. கைய வச்சா வைக்க முடியல. சத்தமும் ஒரு மாதிரி இருக்கு."

நான் தாளைப் பார்த்தேன். ஒரு மணிக் கட்டத்தில் அழகாக 58 இருந்தது. இரண்டு மணிக் கட்டத்தில் 59.

அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. பிரித்துக்கொண்டிருக்கும் பம்பை உடனே மாட்டச் சொல்ல வேண்டும். மேலே தகவல் சொல்ல வேண்டும். அந்த வேலை முடியும் வரை நான் நகர முடியாது. எப்படியும் நாலு மணி ஆகிவிடும். அதற்கும் மேலே, எண்பத்து நாலு என்று சொன்னால் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பார்கள். தாளில் அடிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

"மெக்கானிக்கல்ல சொல்லிட்டேன், ஆளு வர்றாங்க, நீ பாத்துக்க" என்றேன். சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"சரிண்ணே" என்றார் அவர். நான் சொன்னால் சொன்னதுதான் என்று நம்பிவிட்டார்.

இரண்டு மணிக்கு வந்த அடுத்த ஆபரேட்டரிடம் தாளைக் கொடுத்து "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இரண்டே முக்காலுக்குப் பேரிங் கருகிப் பம்பு நின்றது. எண்ணெய் சூடேறி டர்பைன் நின்றது. ஆலை முழுக்கக் கரண்டு போனது. சிவக்கச் சிவக்க இருந்த சூளை அப்படியே நின்றால் வளைந்துவிடும் என்று டீசல் இன்ஜினைப் போட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்களாம். தட்டு மாற்றி முடித்து, வாயில் கேசரியோடு நான் போனை எடுத்தபோது இதெல்லாம் காதில் விழுந்தது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு இலை நிறையக் கிடைத்தது. விழுங்கத்தான் முடியவில்லை.

மறுநாள்தான் அந்த விசாரணை. மேனேஜர் நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். மேசை மேல் என் தாளை விரித்து வைத்திருந்தார்.

"இவரு ஒரு மணிக்கே உங்ககிட்ட சொன்னதா சொல்றாரு. தாள்ல ரெண்டு மணி வரைக்கும் நார்மல்னு இருக்கு. உங்ககிட்ட சொன்னாரா?"

ஆறு வருஷமாக என்னை அண்ணே என்று கூப்பிட்டவர், அன்று 'இவர்' என்றார் என்று சொன்னேன் அல்லவா, அதுவே எனக்கு ஒரு சாக்காகப் போயிற்று. நம்மை மாட்டிவிடப் பார்க்கிறான் என்று மனசு அந்த நிமிஷத்தில் ஒரு கோபத்தைத் தயார் செய்துகொண்டது. கோபம் இருந்தால் பொய் சுலபமாக வரும்.

"இல்ல சார். எங்கிட்ட எதுவும் சொல்லல. அவர் சொன்னதத்தான் எழுதியிருக்கேன்."

வாக்கியில் பேசியதற்குச் சாட்சி இல்லை. அந்த நேரத்தில் அந்தச் சேனலில் நாங்கள் இரண்டு பேர்தான். பேரிங்கைச் சரியாகப் பார்க்கவில்லை, கிரீஸ் வைக்கவில்லை, இப்போது மறைக்கப் பொய் சொல்கிறார் என்று அவர் மேல் எழுதினார்கள். அதோடு அவர் வேலை போனது.

வெளியில் வந்து கேன்டீனில் டீ குடித்தேன். நாலு பேர் வந்து தோளைத் தட்டினார்கள். "நல்லவேள, உங்க பேப்பரு பக்காவா இருந்துச்சு" என்றார் ஒருவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பார்த்து, சோறு நன்றாக வெந்திருக்கிறது என்கிறார்கள்.

அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். எனக்குப் பழைய ஆசாமி போனது முதல் நாளே தெரிந்தது. ஏழு மணிக்கு வாக்கி சத்தம் போடவில்லை. எட்டு மணிக்கும் இல்லை. நானே கூப்பிட்டேன். "ரீடிங் சொல்லுப்பா."

"நீங்களே போட்டுக்குவீங்கன்னு சொன்னாங்களேண்ணே?"

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இத்தனை வருஷமாக நான் பொய் எழுதிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்ததே, கீழே ஒருவர் மெய்யாகப் போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த தைரியத்தில்தான். அவர் சொல்வதை எழுதாவிட்டாலும் என் காது கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கீழே யாரும் பார்க்கவில்லை. மேலே நானும் பார்க்கவில்லை. நடுவில் அத்தனை பெரிய மெஷின் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பேனாவை வைத்துவிட்டு இறங்கிப் போனேன். சத்தம், வெக்கை, நிலக்கரித் தூசி. ஒவ்வொரு பம்பாகக் கையை வைத்துப் பார்த்தேன். முழுசாக ஒரு சுற்று முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சட்டை நனைந்துவிட்டது. இதை அவர் ஒரு ஷிஃப்டுக்கு எட்டு முறை செய்துகொண்டிருந்தார், நான் எழுதப் போவதில்லை என்று தெரிந்தே.

அதற்கப்புறமும் உடனே போய்ச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் எட்டு நாள் தூங்கி எழுந்தேன். தினம் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன், மேனேஜர் பிசி என்று திரும்புவேன். அவர் பிசியாக இருந்தாரா என்று கதவைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஒன்பதாவது நாள், சொல்வதற்கு முன்னால் ஒருதரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபைலை எடுத்தேன். பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு மணிக் கட்டம். சூடு 58, அழுத்தம் நாலு கிலோ என்று என் கையெழுத்தில் இருந்தது. ஆனால் அன்று பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அந்தப் பம்பு ஓடவே இல்லை. வடிகட்டியில் குப்பை அடைத்திருக்கிறது, இதை நிறுத்திவிட்டு ஜோடிப் பம்பைப் போட்டுச் சுத்தம் செய் என்று நானேதான் அவரிடம் சொல்லியிருந்தேன். சின்ன வேலை, அதனால் எந்த நோட்டிலும் ஏறவில்லை. நின்றுபோயிருந்த பம்பு எப்படி நாலு கிலோ அழுத்தத்தில் தண்ணீர் தள்ளும்? யாராவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தத் தாள் முழுக்கப் பொய் என்று அங்கேயே நிரூபணம் ஆகியிருக்கும். பதற்றத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. அதைக் கையால் நிறுத்தியவருக்கு உறைக்காமலா இருந்திருக்கும்?

அந்தத் தாளோடுதான் மேனேஜரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளை வாங்கி அந்தக் கட்டத்தைப் பார்த்தார். "நாங்களும் கேக்காம விட்டுட்டோம்ல" என்று மட்டும் சொன்னார். ஒரு மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அதற்கப்புறம் கண்ட்ரோல் ரூம் கிடையாது, ஃபீல்டில்தான் என்றார்கள். அவரைத் திரும்பக் கூப்பிட ஆர்டர் போட்டார்கள்.

அதை நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாலிகண்டபுரம் பக்கம் மாமனார் ஊரில், சின்ன வெங்காயம் பிடுங்குகிற கூலி வேலைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். காட்டில் முதலில் என்னைப் பார்த்தது அவர் மனைவி. நிமிர்ந்து, கையிலிருந்த வெங்காயத் தாளை உதறிப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வாங்க, வாங்க. எங்க வூட்டுக்காரருக்குக் காய்ச்சல் எவ்ளோன்னு எழுதிக்கிட்டுப் போவலாம்னு வந்தீங்களா? தொட்டெல்லாம் பாக்க வேணாம், அங்கனயே நின்னு எழுதிக்கிங்க."

பக்கத்தில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். என்னைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டு அவர் கணவர் வரப்பில் வந்து நின்று நான் சொன்னதைக் கேட்டார். கையில் மண். முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. "எந்த ஷிஃப்டு?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம், கீழே. கேன்டீனில் என்னைக் கண்டால் "எழுத்தாளர் வர்றாரு, எடம் விடுங்கப்பா" என்பார்கள். முதலில் சுருக்கென்று இருக்கும். இப்போது பழகிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய். எரிகிறதை இழுத்தால் கொதிக்கிறது அடங்கும் என்பது பழமொழி. நான் இழுத்துப் போட்டேன், ஆனாலும் உள்ளே ஒன்று கொதித்துக்கொண்டேதான் இருந்தது. ஒரு நாள் டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டே விட்டேன். பதினோரு மணிக் கட்டத்தை அன்றைக்கே காட்டியிருக்கலாமே, ஏன் காட்டவில்லை?

டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார். "ஆறு வருசம் ஒண்ணா வேல பாத்திருக்கோம். நீங்களா சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அப்புடி நெனச்சது என் தப்பு." அவ்வளவுதான். எழுந்து பம்பைப் பார்க்கப் போய்விட்டார். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற யோக்கியதை இல்லாததால் கேட்கவும் இல்லை.

என் பொய்யை அவர் கையிலேயே வைத்துக்கொண்டு, உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இடம் விட்டிருந்தார். வாழ்க்கையில் எனக்கு யாரும் கொடுத்த பெரிய மரியாதை அதுதான். அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் இன்றுவரை என்னைத் தலை நிமிர விடுவதில்லை. அதனால் அந்த அறையில் நடந்ததில் நான் இதுவரை சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

"எங்கிட்ட எதுவும் சொல்லல" என்று நான் சொன்னதும், அவர் மறுத்துப் பேசவில்லை. மேசைமேல் இருந்த தாளின் மேல் குனிந்தார். அவர் விரல் அந்தப் பம்பின் வரிசையில் மெதுவாக நகர்ந்து வந்து ஒரு கட்டத்தில் நின்றது. விரலை எடுக்காமலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே கழுத்தில் கிடந்த கேட் பாஸைத் தலை வழியாகக் கழற்றி, அந்தக் கட்டத்தின் மேலேயே வைத்துவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு வெளியே போனார்.